கெட்ட வார்த்தை பேசாமல் கான்டனீஸில் கோபப்படுவது எப்படி?

ஹாங்காங்கில் கான்டனீஸ் (இந்த ஊர் பேசுகிற சீன மொழி) வகுப்புக்குப் போனால் முதல் நாளே "ம் கோய்" சொல்லக் கற்றுத் தந்துவிடுவார்கள். நன்றிக்கும் அதுதான், "கொஞ்சம் வழி விடுங்க" என்பதற்கும் அதுதான். அப்புறம் எண்கள், டாக்ஸிக்காரருக்கு வழி சொல்வது, டிம் சம் கடையில் ஆர்டர் கொடுப்பது. கோபப்படுவதற்கு மட்டும் பாடம் கிடையாது. ஆனால் இந்த ஊரில் வாடகைக்குக் குடியிருக்கிற எவருக்கும் அந்தப் பாடம் தேவைப்படும். ஆங்கிலத்தில் கத்தினால் எதிராளி "ஸாரி, ஸாரி" என்று நழுவிவிடுவார். தமிழில் கத்தினால் சுற்றி நிற்பவர்களுக்கு வேடிக்கை. கான்டனீஸில் பொருத்தமாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஆள் நின்று பதில் சொல்வார்.

நான் க்வாய் சுங்கில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கன்டெய்னர் துறைமுகம் பக்கத்திலேயே. லாரி டிரைவர், கிடங்கு மேற்பார்வையாளர், கப்பல் ஏஜென்ட் என்று நாள் முழுக்கப் போன்தான். கோபத்துக்குப் பஞ்சமே இல்லாத தொழில். கீழே எழுதியிருப்பதெல்லாம் அங்கே காதில் விழுந்தவை, இல்லையென்றால் நானே வாய்விட்டுச் சொன்னவை.

எது கோபம் இல்லை

சத்தம் கோபம் இல்லை. இதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ச்சா ச்சான் தெங் என்று தெருவுக்குத் தெரு ஒரு கடை இருக்கும். பால் டீ, மக்ரோனி சூப், முட்டை ரொட்டி எல்லாம் கிடைக்கிற சாப்பாட்டுக் கடை. உள்ளே நுழைந்து உட்காருவதற்குள் பரிமாறுபவர் வந்து "ஸிக் மே ஆ?" என்பார். என்ன சாப்பிடறே என்று அர்த்தம். தம்ளரை நங்கென்று வைப்பார். முன்பின் தெரியாத நாலு பேர் இருக்கிற மேஜையில் உங்களையும் செருகுவார். அவருக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. மதியம் ஒரு மணி, வாசலில் வரிசை நிற்கிறது, அவ்வளவுதான். மீன் சந்தையில் இரண்டு பாட்டிகள் சண்டை போடுவது மாதிரி இருக்கும். கிட்டப் போய்க் கேட்டால் பேரப்பிள்ளை எந்த ஸ்கூலில் சேர்ந்திருக்கிறான் என்ற பேச்சாக இருக்கும்.

உண்மையான கோபம் பெரும்பாலும் சத்தம் குறையும்போதுதான் தொடங்குகிறது. "ஹக் ஹௌ ஹக் மீன்" என்பார்கள். கறுத்த வாய், கறுத்த முகம். நாமும் முகம் கறுத்துப் போச்சு என்கிறோமே, அதேதான். இன்னொரு அடையாளம், திடீரென்று மரியாதை கூடுவது. எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவு அக்கா, கூரியர் பையனை எப்போதும் "லெங் ஜை", அதாவது அழகுப் பையா, என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அவனை "ஸின் ஸாங்" என்று, சார் போட்டு, மெதுவாகக் கூப்பிட்டார். எல்லாரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டோம்.

நம் நாக்குக்கு உள்ள வசதி

தமிழ் எழுத்தில் கான்டனீஸை எழுதினால் எலும்புக்கூடுதான் கிடைக்கும், ஸ்வரம், அதாவது சொல்லின் பொருளையே மாற்றுகிற குரல் ஏற்ற இறக்கம், கிடைக்காது. சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜ்யூத்பிங் என்ற ரோமன் எழுத்து முறையில் அகராதி தேடுங்கள்; ஹாங்காங் மொழியியல் கழகம் 1993-இல் வகுத்தது, இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் எலும்புக்கூட்டிலேயே நமக்குச் சில லாபங்கள் இருக்கின்றன.

குறில் நெடில் வித்தியாசம் அங்கேயும் உயிர். "கை" என்றால் கோழி, "காய்" என்றால் தெரு. "நௌ" என்றால் கோபம், "நாவ்" என்றால் திட்டுவது. ஆங்கிலக்காரர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். நமக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம். நம் ஊரில் எந்தச் சொல்லையும் தொடங்கி வைக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கிற "ங" அங்கே ஓயாமல் உழைக்கிறது: "ஙோ" என்றால் நான், "ஙான்" என்றால் கண். (இளைஞர்கள் பலர் இப்போது ங-வை விழுங்கி "ஓ" என்கிறார்கள், ந-வை ல ஆக்கி "நேய்" என்பதை "லேய்" என்கிறார்கள். நேய் என்றால் நீ. இரண்டையும் காது பழக்கிக்கொள்ள வேண்டும்.) சொல்லின் தொடக்கத்தில் நம் க, த, ப எப்படிக் காற்று வீசாமல் வருகிறதோ அப்படியே ஒரு வரிசை அங்கே உண்டு. காற்றோடு வெடிக்கிற இன்னொரு வரிசையும் உண்டு, அதற்குத்தான் பயிற்சி வேண்டும். சொல்லின் கடைசியில் க், த், ப் வந்தால் வாயை மூடி நிறுத்திவிடுங்கள். "கிக்கு", "மத்து" என்று உகரம் சேர்த்தால் கோபம் சிரிப்பாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. நம் "ம்" ஆமாம். அவர்களுடைய "ம்" வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து இல்லை என்றாக்குவது. "ஜீ" தெரியும், "ம் ஜீ" தெரியாது.

இனி ஸ்வரம். ஹாங்காங் பேச்சில் ஆறு ஸ்வரங்கள். உச்சத்தில் நேராகப் போவது ஒன்று, ஏறுவது இரண்டு, நடுவில் நிற்பது ஒன்று, கீழே இறங்குவதும் கிடப்பதுமாக மிச்சம். கோபம் வந்தால் நமக்கு இயல்பாகக் குரல் மேலே ஏறும். அங்கேதான் ஆபத்து. "கௌ லா!" என்றால் "போதும்!" அந்தக் கௌ நடு ஸ்வரத்தில் நிற்க வேண்டும். ஆத்திரத்தில் அதை உச்சத்துக்கு ஏற்றினால் ஆண்குறியைக் குறிக்கும் கெட்ட வார்த்தை ஆகிவிடும். ஏறு ஸ்வரத்தில் சொன்னால் ஒன்பது என்றோ நாய் என்றோ ஆகும். ஏழு என்கிற எண்ணும் அப்படித்தான்: உச்சத்தில் சொன்னால் ஏழு, தாழ்த்திச் சொன்னால் இன்னொரு கெட்ட வார்த்தை. ஆகவே கத்தத் தோன்றும்போது ஒவ்வொரு அசையையும் தனித்தனியாக, மெதுவாக, அழுத்திச் சொல்லுங்கள். மெதுவாகப் பேசுகிற கோபக்காரரைப் பார்த்து இங்கே கூடுதலாகவே பயப்படுகிறார்கள்.

கோபம் வாலில் இருக்கிறது

குரலை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கினால் சொல்லே மாறிவிடும் என்பதால், உணர்ச்சியை எல்லாம் வாக்கியத்தின் வாலில் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஆ, லா, லோ, மே, கா என்று ஒற்றை அசைகள். எனக்குத் தெரிந்து பாடப்புத்தகங்கள் இவற்றைக் கடைசிப் பக்கத்தில் தள்ளிவிடுகின்றன. கோபப்பட விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டியவை இவைதான்.

"ஹை" என்றால் ஆம். "ஹை ஆ" என்றால் சாதாரண ஆமாம். "ஹை லோ" என்றால் "அதைத்தானே நானும் சொல்றேன்". "ஹை லா, ஹை லா" என்று இரண்டு முறை இழுத்தால் "சரி சரி, ஆளை விடு". இந்த மூன்றாவதைக் கேட்டுவிட்டு, ஒப்புக்கொண்டுவிட்டார் என்று திரும்பி வராதீர்கள். ஒப்புக்கொள்ளவில்லை.

"நேய் ம் ஜீ" என்றால் உனக்குத் தெரியாது. அதோடு உச்ச ஸ்வரத்தில் "மே" சேர்த்தால் "உனக்குத் தெரியாதாக்கும்?" "நேய் மாங்" என்றால் நீ பார்வையற்றவன். அதோடு கீழே விழுகிற "கா" சேர்த்தால் "கண்ணு தெரியலையா?" என்று தெருவில் இடித்துவிட்டுப் போகிறவரைப் பார்த்துக் கேட்பது. இதை நான் பரிந்துரைக்கவில்லை, புரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

"திம் ஆ?" என்றால் எப்படி இருக்கு, என்ன ஆச்சு. நட்பான கேள்வி. முன்னால் "ஸொங்" சேர்த்து "ஸொங் திம் ஆ?" என்றால் "என்ன செய்யணும்ங்கிறே?" கை நீட்டுவதற்கு ஒரு படி முன்னால் கேட்கிற கேள்வி அது. எதிராளி அதைச் சொன்னால் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு எட்டு பின்னால் வையுங்கள்.

நெருப்பும் காற்றும்

கோபத்தைப் பற்றிப் பேசுவதற்கான சொற்கள் பெரும்பாலும் "ஃபோ", "ஹேய்" இரண்டில் ஒன்றோடு வரும். ஃபோ நெருப்பு, ஹேய் காற்று அல்லது மூச்சு. "ஃபோ க்வன்" நெருப்புக் கொதிப்பது. "ஙான் ஃபோ பாவ்" கண்ணில் நெருப்பு வெடிப்பது. "குக் ஹேய்" உள்ளே அடைத்து வைத்த கோபம். மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவருக்கு அதுதான் இருக்கும். "கிக் ஹேய்" எரிச்சலைக் கிளப்புவது; அதிலிருந்து "கிக் ஸேய் ஙோ", என்னைக் கொல்றாங்க. புழுக்கமான ஜூலை மாதத்தில் காரணமே இல்லாமல் சிடுசிடுப்பாக இருந்தால் அது "மங் ஜங்".

"நௌ" என்ற மூலச் சொல்லை எழுதுகிற விதம் வேடிக்கை: நடுவில் பெண், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆண். யாருக்குக் கோபம் என்று எழுத்து சொல்லவில்லை. "ஙோ ஹோவ் நௌ", நான் ரொம்பக் கோபமாக இருக்கிறேன், என்பது இலக்கணப்படி சரி. ஆனால் கோபத்தின் உச்சியில் நிற்கிறவர் அப்படிச் சொல்வதை நான் அதிகம் கேட்டதில்லை. மறுநாள் தோழியிடம் கதை சொல்லும்போது வரும்.

அப்படியானால் உச்சியில் என்ன சொல்வது? "யௌ மோவ் காவ் ச்சோ ஆ!" இதை மட்டும் மனப்பாடம் செய்தால்கூடப் போதும். "ஏதாவது தப்பு நடந்திருக்கா?" என்பது சொல்லுக்குச் சொல் பொருள். நடைமுறையில் "என்னய்யா அநியாயம் இது!" பேருந்து முகத்துக்கு நேரே கதவைச் சாத்திக்கொண்டு போனால், வாடகையை ஏற்றினால், கப்பல் ஒரு வாரம் தள்ளிப் போனால், எல்லாவற்றுக்கும் பொருந்தும். இதில் ஒரு கெட்ட சொல்லும் இல்லை. பாட்டிகளும் சொல்வார்கள், வகுப்பு டீச்சரும் சொல்வார். ஆள்மேல் பாயாமல் நிலைமைமேல் பாய்வதால் எதிராளிக்குப் பின்வாங்க இடம் இருக்கும்.

இதற்கு ஒரு படி கீழே "தாய் லோவ் ஆ..." தாய் லோவ் என்றால் பெரியண்ணன். தலையில் கை வைத்துக்கொண்டு "அண்ணே, போதும்ணே" என்கிற தொனி. லாரி டிரைவர் மூன்றாவது முறையாகத் தவறான வாயிலில் போய் நின்றுகொண்டு போன் செய்தால் எங்கள் ஆபீஸில் இதுதான் வரும். பெண்களிடமும் சொல்லலாம், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஒரு படி மேலே "திங் ம் ஸொன்", என்னால் தாங்க முடியலை. வெறும் "திங்!" என்று கத்துவதும் உண்டு, அது கெட்ட வார்த்தைக்கு மாற்றாக வருவது, நண்பர்கள் நடுவில் சரி, வாடிக்கையாளரிடம் வேண்டாம். "ச்சீ ஸின்" என்றால் பைத்தியம். டெலிபோன் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். நிலைமையைச் சொன்னால் புலம்பல், ஆளைச் சொன்னால் வசவு. எல்லாவற்றுக்கும் மேலே, "ஙோ யன் ஜோ நேய் ஹோவ் நோய்", உன்னை ரொம்ப நாளாப் பொறுத்துக்கிட்டிருக்கேன். நோய் என்பது இங்கே நீண்ட காலம். நமக்கு மறக்கவே மறக்காது. இதைச் சொன்ன பிறகு பழைய மாதிரி பேச முடியாது. வீட்டு உரிமையாளரிடம் சொல்வதாக இருந்தால் முதலில் வேறு வீடு பாருங்கள்.

மேல்வீட்டு ஏசி

இந்த ஊரின் தேசியச் சண்டை ஒன்று உண்டு: ஏசி தண்ணீர் சொட்டுவது. நான் குடியிருப்பது தோ க்வா வானில் ஒரு பழைய கட்டிடம். ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரை, அதன்மேல் மேல்வீட்டு ஏசித் தண்ணீர். டொக். கொஞ்ச நேரம் கழித்து டொக். இரவு இரண்டு மணிக்கு அடுத்த டொக்குக்காகக் காத்திருப்பதுதான் கொடுமை.

முதல் முறை மாடிப்படியில் அந்த அம்மாவைப் பார்த்தபோது, "ம் ஹோவ் யீ ஸீ, நேய் போவ் லாங் ஹேய் கேய் திக் ஸொய் ஆ" என்றேன். மன்னிக்கணும், உங்க ஏசி சொட்டுதுங்க. லாங் ஹேய் கேய் ஏசி, திக் ஸொய் சொட்டுவது. இந்த இரண்டு சொல்லையும் குடிவந்த அன்றே கற்றுக்கொள்வது நல்லது. அவர் "ஹை மே?" என்று ஆச்சரியப்பட்டார். அப்படியா! அடுத்த வாரம் "ஹை லா, ஹை லா, ஜீ லா" வந்துவிட்டது. தெரியும், தெரியும், ஆளை விடு.

அதற்கு மேல் படியில் நிறுத்திப் பேசுவதில் பயன் இல்லை. கீழே வாயிற்காவலர் மேஜைக்கு, அந்த அம்மா வந்துபோகிற நேரம் பார்த்துப் போனேன். இது முக்கியம். கான்டனீஸ் கோபத்துக்கு ஒரு சாட்சி வேண்டும், முடிந்தால் வயதில் மூத்த சாட்சி. காவலரை "ஆ ஸுக்", சித்தப்பா, என்று கூப்பிட்டு, அந்த அம்மாவின் காதில் விழும்படி அவரிடம் சொன்னேன்: "யௌ மோவ் காவ் ச்சோ ஆ. ச்சோவ் தோவ் ஙோ ஸெங் மான் ஃபன் ம் தோவ்." அநியாயம் இது, போடற சத்தத்துல ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இங்கே முதலில் வருகிற "தோவ்" என்பதைக் கவனியுங்கள். கோபத்துக்கு அளவு சொல்கிற சொல் அது. "ஃபான் தோவ் ஸேய்", சாகிற அளவுக்குத் தொல்லை. கோபம் என்று சும்மா சொல்வதைவிட எந்த அளவுக்கு என்று சொன்னால் எடுபடும், அதிலும் தூக்கம் என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் புரியும்.

கடைசியாக ஒரு வாக்கியம் சேர்த்தேன், அதுவும் அந்த அம்மாவிடமே: "ஙோ வுய் தௌ ஸோவ் கா." நான் புகார் கொடுப்பேன். "தௌ ஸோவ்", புகார், ஹாங்காங்கில் எந்தக் கெட்ட வார்த்தையையும்விடப் பலமான சொல். அரசின் உதவி எண்ணான 1823-க்குப் போன் செய்தால் சுகாதாரத் துறைக்கு விஷயம் போகும், அவர்கள் வந்து எந்த ஏசி என்று கண்டுபிடிப்பார்கள், நோட்டீஸ் வரும் என்று அவருக்கும் தெரியும். வாலில் "கா" இருப்பதைப் பாருங்கள்: "கொடுப்பேனாக்கும், தெரிஞ்சுக்கோ" என்கிற எடை அதில்தான் இருக்கிறது. ஆ ஸுக் இருவரையும் பார்த்து "ஸ்யூன் லா, ஸ்யூன் லா" என்றார், விடுங்க, விடுங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளாஸ்டிக் குழாய் வந்து மாட்டப்பட்டது.

அந்த ஐந்து வார்த்தைகள்

ஹாங்காங்கில் கெட்ட வார்த்தைக்கு "ச்சோவ் ஹௌ" என்று பெயர், முரட்டு வாய். அதில் தலையானவை ஐந்து என்று ஊரே கணக்கு வைத்திருக்கிறது. ஒன்று வினைச்சொல், மற்றவை உடல் உறுப்புகள். "தியூ" என்று தொடங்கி அம்மாவில் முடிகிற வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால் அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், அதற்கு மேல் நான் இங்கே எழுதப் போவதில்லை. சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அதற்கு ஓர் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்: "மன் ஹௌ". நலம் விசாரிப்பது. "அவன் எங்க அம்மாவை நலம் விசாரிச்சான்" என்றால் புரிந்துகொள்ளுங்கள். ரயிலில் இந்த விசாரிப்பெல்லாம் செய்தால் எம்டிஆர் விதிப்படி அபராதமும் உண்டு.

மொழி தெரியாத வெளிநாட்டுக்காரர் கெட்ட வார்த்தை மட்டும் சரளமாகப் பேசினால் பீர் குடிக்கிற இடத்தில் கைதட்டல் கிடைக்கும். உண்மையான சண்டையில் அவர் பேச்சுக்கு மதிப்பே இருக்காது. என் அபிப்பிராயம் இது, மாற்றிக்கொள்ள உத்தேசமில்லை.

"புக் காய்" மட்டும் தனி ரகம். தெருவில் விழு, அதாவது தெருவில் விழுந்து சாவாய் என்பது மூலம். இன்று கப்பல் கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு "தொலைஞ்சோம்" என்பதற்கும் அதுதான், அயோக்கியன் என்பதற்கும் அதுதான், நெருங்கிய நண்பனைச் செல்லமாகக் கூப்பிடுவதற்கும் அதுதான். செல்பேசியில் பிகே என்று இரண்டு ஆங்கில எழுத்தாகச் சுருக்கி அனுப்புவார்கள். தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். ஆளைப் பார்த்துச் சொல்லாதீர்கள். "ஹம் கா ச்சான்" என்பதை எந்தச் சூழ்நிலையிலும், விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். குடும்பத்தோடு நாசமாப் போ என்று பொருள். மண்ணை வாரித் தூற்றுவதற்குச் சமம்.

காரமும் வேண்டும், மரியாதையும் வேண்டும் என்றால் "க்வை" இருக்கிறது. க்வை என்றால் பேய். "மா ஃபான்" என்றால் தொந்தரவு. அந்தச் சொல்லையே நடுவில் பிளந்து பேயைச் செருகுவார்கள்: "மா க்வை ஃபான்!" சனியன் பிடிச்ச தொந்தரவு. முரட்டு வாய்க்காரர்கள் அதே இடத்தில் அந்த ஐந்தில் ஒன்றைச் செருகுவார்கள். பேய் அதற்கு ஒரு பண்பான மாற்று. "மத் யே" என்ன. "மத் க்வை யே" என்ன கருமம் இது. ஆபீஸில் பிரிண்டரிடம் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அம்மாக்கள் திட்டுவது

கான்டனீஸின் சிறந்த வசவு ஓர் அம்மாவுடையது. "ஸாங் கௌ ச்சா ஸியூ ஹோவ் க்வோ ஸாங் நேய்." உன்னைப் பெத்ததுக்கு ஒரு துண்டு ச்சா ஸியூவைப் பெத்திருக்கலாம். ச்சா ஸியூ என்பது தேன் தடவிச் சுட்ட பன்றி இறைச்சி. வாதம் பலமானது: அதைச் சாப்பிடவாவது முடியும். பரீட்சை மதிப்பெண் வந்த நாளிலும், பிள்ளை போனையே பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கேட்கலாம். நாம் இதை யாரிடமும் சொல்லும் சந்தர்ப்பம் வராது, ஆனால் சொன்னால் சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஸொய் ஜை" போக்கிரிப் பயல், திட்டும்போதும் கொஞ்சும்போதும். காதலர்களும் குழந்தைகளும் உம்மென்று இருந்தால் "நௌ ஜ்யூ", கோபப் பன்றிக்குட்டி. வளர்ந்த மனிதரை, அதுவும் கோபத்தில் இருக்கும்போது, அப்படிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் பொறுப்பு.

பஸ் மாமா

2006 ஏப்ரலில் யூன் லோங் போகிற 68எக்ஸ் பேருந்தில் ஒருவர் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்சீட்டு இளைஞர் தோளைத் தட்டி, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்றார். அவர் திரும்பி உட்கார்ந்து, கிட்டத்தட்ட ஆறு நிமிடம் விடாமல் வெளுத்து வாங்கினார். இன்னொரு பயணி அதை செல்பேசியில் படம் பிடிக்க, யூடியூபில் ஊரே பார்த்தது. "பாஸி ஆ ஸுக்", பஸ் மாமா, என்று பெயரே நிலைத்துவிட்டது. அவர் பேசியதில் கெட்ட வார்த்தைகளுக்குக் குறைவில்லை. ஆனால் சட்டையில் அச்சடித்து, ரிங்டோனாக வைத்து, ஊர் திருப்பித் திருப்பிச் சொன்னது வேறு இரண்டு வரிகளை. "நேய் யௌ ஆத் லிக், ஙோ யௌ ஆத் லிக்": உனக்கும் மன அழுத்தம், எனக்கும் மன அழுத்தம். இன்னொன்று "மேய் காய் க்யுத்!", பிரச்சினை இன்னும் தீரலை! மொழி பழகுகிறவர்களுக்கு அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டுவேன். கோபத்தில்கூட மனிதர் ஒரு ஸ்வரத்தையும் தவறவிடவில்லை.

நம்மைப் பார்த்துச் சொன்னால்

இதையும் எழுதியாக வேண்டும். தெற்காசியர்களைக் குறிக்க "ஆ ச்சா" என்று ஒரு மட்டமான சொல் உண்டு. லிஃப்டில், சந்தையில், நமக்குப் புரியாது என்ற நினைப்பில் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்வார்கள். பல நேரம் பெரியவர்கள் கெட்ட எண்ணம் இல்லாமலே பழக்கத்தில் சொல்வார்கள். சில நேரம் நன்றாகவே எண்ணித்தான் சொல்வார்கள். இரண்டுக்கும் நான் சொல்வது ஒன்றுதான், குரல் உயர்த்தாமல்: "ஙோ ஸிக் தெங் கா." எனக்குக் கேட்டாப் புரியும். மறுபடி அந்த "கா". முதல் வகையினர் முகம் சிவந்து எந்த ஊர், எத்தனை வருஷம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டாம் வகை என்றால் "நேய் கோங் மே வா?", என்ன சொன்னே, என்று ஒரு முறை கேட்டு நிறுத்துங்கள். வேலையிடத்திலோ, வீடு வாடகைக்குக் கேட்கிற இடத்திலோ என்றால் இனப் பாகுபாட்டுச் சட்டம் இருக்கிறது, 2008-இல் இயற்றி 2009-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சமவாய்ப்பு ஆணையத்துக்குப் புகார் எழுதலாம்.

தணிப்பது

கோபக்காரரைத் தணிக்க "ம் ஹோவ் கம் லோவ் ஹேய்" என்பார்கள், அவ்வளவு மூச்சை வீணடிக்காதீங்க. நெருங்கியவர்கள் என்றால் "ஸிக் ஜோ ஃபோ யொக் மே?", வெடிமருந்து தின்னுட்டு வந்தியா? கோபத்தை உடல் சூடு என்றே நம்புகிறவர்கள், அதனால் மூலிகைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போவதும் உண்டு. கறுப்பாக, வேப்பம்பட்டைக் கஷாயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். குடித்தால் பேச வாய் வராது, ஒருவகையில் மருந்துதான்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் காஸ்வே பேக்கும் வான் சாய்க்கும் நடுவில் கனால் ரோடு மேம்பாலத்துக்கு அடியில் போங்கள். ஊர்க்காரர்கள் ஙோ கெங் க்யூ என்பார்கள், வாத்துக் கழுத்துப் பாலம். அங்கே சிறு ஸ்டூல் போட்டுப் பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள். நடப்பதற்குப் பெயர் "தா ஸியூ யன்", அற்பனை அடிப்பது. உங்களுக்கு ஆகாதவர் பெயரைச் சொன்னால், காகித பொம்மை ஒன்றை எடுத்துக் கல்மேல் வைத்துப் பழைய செருப்பால் அடி அடியென்று அடிப்பார்கள். வாயில் பாட்டு ஓடும்: "தா நேய் கோ ஸியூ யன் தௌ, தா தோவ் நேய் யௌ ஹேய் மோவ் திங் தௌ." அற்பனே, உன் தலையில அடிக்கிறேன், மூச்சிருந்தும் விட இடமில்லாம அடிக்கிறேன். அப்புறம் கை, அப்புறம் கால், ஒவ்வொன்றுக்கும் ஓர் எதுகை. கடைசியில் பொம்மையை எரித்துவிடுவார்கள்.

சீனப் பஞ்சாங்கப்படி மார்ச் 5 அல்லது 6-ஆம் தேதி வரும் கிங் ஜத் நாளில் கூட்டம் தாங்காது, வரிசை தெருவைத் தாண்டும். மற்ற நாட்களில் போனால் உடனே முடியும். விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பொதுவான அற்பனாக வைத்து அடிப்பார்கள். செருப்பு பாட்டியிடமே இருக்கும், உங்களுடையதைக் கழற்ற வேண்டாம்.